கூடைக்கு ஒரு கோல்

மக்கா, போன ஞாயிற்றுக்கிழமை நம்ம வகுப்புக் குழுவில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை அடித்துத் துவைத்ததைப் படித்தேன். பதில் எழுதினால் நீளும் என்று தெரியும். அதனால் அன்றைக்குக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாளை மீன் கழுவப் போய்விட்டேன். இன்றைக்கு வேலை எல்லாம் ஒதுங்கிவிட்டது. எழுதுகிறேன். வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

சண்டை எங்கே தொடங்கியது? என் அணி தோற்ற இடத்தில். அமெரிக்காக்காரன் ராத்திரி கூடைப்பந்து ஆடுவது நமக்கு விடியற்காலம். நான் அடுப்பில் புட்டுக்குடத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் உப்புப் பரணியில் கைபேசியைச் சாய்த்துவைத்துப் பார்ப்பேன். என் அணியின் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போடுவீர்கள். இதுவரை கோப்பை வாங்காத அணி, அவ்வளவு போதும். கடைசி நொடிகள். பந்து எங்கள் குட்டையன் கையில். இரண்டு பேர் அவனை மறித்து நிற்கிறார்கள். கூடைக்குக் கீழே எங்கள் ஆள் ஒருவன் காவல் இல்லாமல் நிற்கிறான். குட்டையன் அவனுக்குக் கொடுத்தான். அவன் எறிந்தான். வளையத்தில் தட்டி வெளியே போயிற்று.

உடனே நீங்கள் ஆளுக்கு ஒரு நடுவர் ஆகிவிட்டீர்கள். குட்டையனுக்குத் தைரியம் இல்லை, பெரிய ஆள் என்றால் கடைசிப் பந்தைத் தானே எறிய வேண்டும், சம்பளம் வாங்குவது எதற்கு என்று. நான் ஒருத்திதான் அவன் கொடுத்தது சரி என்றேன். இப்போதும் சொல்கிறேன். இரண்டு பேர் உன்னை மறிக்கிறார்கள் என்றால் எங்கோ ஒருவன் சும்மா நிற்கிறான் என்று பொருள். அவனைக் கண்டுபிடிக்கிறவன்தான் ஆட்டக்காரன். மறித்து நிற்கிற இரண்டு பேர் தலைக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு எறிந்து, பத்தில் ஒன்று விழுந்ததும் மார்பில் அடித்துக்கொள்கிறானே நீங்கள் கும்பிடுகிற அந்த நட்சத்திரம், அவனை நான் ஆட்டக்காரன் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். மீதி ஒன்பதை யார் பொறுக்குவது?

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நட்சத்திரங்களை விலைக்கு வாங்கி ஓர் அணியில் போடுகிறார்களே, அது கோப்பைக்குக் குறுக்குவழி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஒரே கட்டுமரத்தில் மூன்று பேர் ஆளுக்கு ஒரு துடுப்போடு பின்னால் உட்கார்ந்தால் மரம் எங்கே போகும் என்று கரையில் பிறந்த உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கூடைக்குக் கீழே முட்டி மோதி ஆடுவதை மறந்துவிட்டு எல்லாரும் தூரத்தில் நின்று மூன்று புள்ளிக்கு வீசுகிற இந்தக் காலத்து ஆட்டமும் எனக்குப் பிடிக்கவில்லை. பாதிப் பருவம் முழங்கால் வலி என்று கோட்டுப் போட்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற கோடீசுவரர்களையும் பிடிக்கவில்லை. வாடகை வீடு மாறுவதுபோல அணி மாறுகிறவர்களைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

சரி, இதெல்லாம் என் வாய்க்கொழுப்பு என்று விட்டிருப்பீர்கள். ஆனால் உங்களில் ஒருத்தி எழுதினாள்: நீயும் இப்படித்தானே, அன்றைக்குத் திருவிழா ஆட்டத்தில் நெட்டச்சிக்குக் கொடுத்துத்தானே தோற்றாய் என்று. அதன் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. நெட்டச்சியும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். அவள் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது.

அதனால் எழுதுகிறேன். எனக்காக இல்லை.

அந்த வருடம் நாம் எட்டாம் வகுப்பு. என் அப்பா மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு வீடியோ டெக்கும் ஒரு கேசட்டும் கொண்டுவந்தார். கேசட்டுக்குச் சொல்லிவிட்டது என் தாய்மாமா. மாமா நம்ம ஊர்க் கால்பந்து அணிக்குக் காப்டன். நம்ம கரையில் பந்து என்றால் காலில் கிடப்பது, கையில் எடுத்தால் தப்பு. நல்ல பந்தாட்டக் கேசட் ஒன்று என்று மாமா எழுதியிருந்தார். மஸ்கட் கடைக்காரன் பெட்டியில் பந்துப் படம் பார்த்து எடுத்துக்கொடுத்தான். அப்பாவும் பந்துப் படம் பார்த்து வாங்கிவந்தார். ஊரே எங்கள் வீட்டு முன்னறையில் கூடியிருக்க, டெக்கில் போட்டால், உயரமான ஆட்கள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

மாமா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இதென்னடே, பொம்பளப் பிள்ளைய வெளயாடுத ஆட்டம்" என்றார். அதற்காக எழுந்து போனாரா என்றால் இல்லை. வேறு கேசட் இல்லையே. அந்த ஓர் ஆட்டத்தைத்தான் அந்த மழைக்காலம் முழுவதும் ஊர் பார்த்தது. கடலுக்குப் போகாத நாளெல்லாம் பார்த்தது. எந்த இடத்தில் யார் விழுவான் என்று எல்லாருக்கும் தெரியும். விழுவதற்கு முன்பே நம்ம பெண்கள் "அய்யோ பிள்ளே" என்பார்கள்.

அந்தக் கேசட்டின் வாசனை எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. சூடான பிளாஸ்டிக், அப்பாவின் பெட்டியில் ஒட்டியிருந்த சோப்பு, அதோடு எங்கள் வீட்டுக் கருவாடு. அதில் வெள்ளைச் சட்டை அணியில் ஒரு குட்டையன் இருந்தான். அவன் கூடை போட்டதைவிடப் போடவைத்தது அதிகம். ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் பந்தைக் கொடுப்பான். வாங்குகிறவனுக்கே தனக்கு வரப்போவது தெரியாது. அன்றைக்குத் தொடங்கிய கிறுக்கு இது. இத்தனை வருடத்தில் எத்தனையோ அணிகளைப் பார்த்துவிட்டேன். எல்லா அணியிலும் முதலில் அந்தக் குட்டையனைத்தான் தேடுகிறேன்.

திரையின் ஓரத்தில் கணக்கு ஓடும். ஒரு கூடை விழுந்தால் இரண்டு ஏறும். யாரோ மாமாவிடம் காரணம் கேட்டார்கள். கேட்டுவிட்டால் மாமாவுக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லை. "அவனுக்கு எல்லாம் டாலர் கணக்குல்லா. நம்ம ஒண்ணு அவனுக்கு ரெண்டு" என்றார். அறை முழுக்கத் தலையாட்டியது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சிஸ்டர் சொல்லித்தந்ததால் எனக்கு உண்மை தெரியும். கூடைக்கு இரண்டு, எதிராளி தவறு செய்ததற்காகத் தனியே நின்று எறிகிற எறிக்கு ஒன்று. சொன்னேன். பெரியவர்கள் பேசும்போது வாயில் கொழுக்கட்டையை வை என்று அம்மா அதட்டினாள். அந்த நிமிடத்தில் ஊர் என் பேச்சைக் கேட்டிருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது.

நெட்டச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டப்பெயர் வைத்தது நாம்தான், அவள் ஒன்றும் சொன்னதில்லை. பதின்மூன்று வயதில் நம்ம வகுப்பு வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வருவாள். அவள் அப்பா கட்டுமரக்காரர், கோபம் இல்லாத மனிதர், கோயில் சொன்னதற்கு மறுசொல் இல்லாதவர். அவள் வீட்டில் எல்லாரும் அவளைக் குனியச் சொல்லியே வளர்த்தார்கள். நிமிரச் சொன்ன ஒரே ஆள் விளையாட்டு சிஸ்டர். நாகர்கோவிலில் இருந்த விளையாட்டு விடுதியில் அவளுக்கு இடம் பேசியதும் அந்த சிஸ்டர்தான். சாப்பாடு, படிப்பு, பந்து எல்லாம் அங்கேயே. அப்பா சம்மதித்தால் போதும்.

அவள் அப்பா நேரே மறுக்கவில்லை. "திருவிழாவில பிள்ள ஆடட்டும் சிஸ்டர். ஊரு பாக்கட்டும். செயிச்சா கொண்டு போங்க" என்றார். அவருக்கு அது வேண்டுதல் மாதிரி. கோயில் திடலில் பங்கு மக்கள் முன்னால் கிடைக்கிற வெற்றி மேலிருந்து வருகிற பதில். நான் கூடவே நின்றேன், காதால் கேட்டேன்.

சிஸ்டருக்கு மே மாதம் மாற்றல் வந்தது. சிஸ்டர்மாருக்கு மாற்றல் வருவதும் நமக்குச் சோனை மழை வருவதும் ஒரே காலம், கேட்டு வருவதில்லை. போகும்போது நெட்டச்சியின் தாடையைப் பிடித்து உயர்த்திவிட்டுப் போனார்கள். புதிதாக வந்த சிஸ்டருக்குத் தையல்தான் தெரியும்.

திருவிழாவின் எட்டாம் நாள் ஆட்டம். வடக்குத் தெருப் பெண்பிள்ளைகளுக்கும் தெற்குத் தெருப் பெண்பிள்ளைகளுக்கும். நானும் நெட்டச்சியும் தெற்கு. நடத்துகிறவர்கள் யார்? கால்பந்துக்காரர்கள். வேறு யாருக்கு விசில் இருக்கிறது? நடுவர் கால்பந்து அணியின் கோல்கீப்பர். கரும்பலகையில் கணக்கு எழுதுகிறது, மைக்கில் சொல்லுகிறது இரண்டும் என் மாமா. கோயில் கோபுரத்தில் கட்டியிருந்த கோளாம்பி ஒலிபெருக்கியில் மாமா குரல் கடலில் நிற்கிற மரத்துக்கும் கேட்கும்.

தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நெட்டச்சி கையைத் தூக்கிப் பந்தை மறித்தாள். விசில். கையைத் தூக்கியது தப்பு என்றார் நடுவர். கூடைப்பந்தில் கையைத் தூக்காமல் காலையா தூக்குவது? கேட்டேன். "எட்டி, அவ கை வளையம் வரை போவுதுல்லா. மத்த பிள்ளைய என்ன செய்யும்?" என்றார். வடக்குத் தெருவுக்குத் தனி எறி கொடுத்தார். இப்படி நான்கு முறை. நான்கும் விழுந்தன. அதற்கு மேல் நெட்டச்சி கையைக் கீழே போட்டுக்கொண்டே ஆடினாள். வீட்டில் குனியச் சொன்னது போதாதென்று திடலிலும்.

இடைவேளையில் கரும்பலகையைப் பார்த்தேன். கூடைக்கு ஒரு கோடு, தனி எறிக்கும் ஒரு கோடு. ஓடிப்போய் மாமாவிடம் கூடைக்கு இரண்டு என்றேன்.

மாமா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "கோலுன்னா ஒரு கோலு. பெனால்டின்னாலும் ஒரு கோலு. இந்தக் கரையில என்னைக்காவது ஒரு கோலுக்கு ரெண்டு எழுதியிருக்கா?"

"கேசட்ல ரெண்டுதானே ஏறுச்சு மாமா."

"அது டாலருன்னு அன்னைக்கே சொன்னேம்லா. போ, போய் ஆடு."

புதிய சிஸ்டரிடம் போனேன். சிஸ்டர் பங்குச் சாமியாரைப் பார்த்தார்கள். சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தேர்ப்பவனிக்கு நேரமாகிறது. எல்லாரும் நல்லவர்கள். ஒருவருக்கும் வஞ்சகம் இல்லை. நம்ம ஊருக்குத் தெரிந்த பந்து ஒன்றுதான், அதன் கணக்கும் ஒன்றுதான், அதையே எல்லாவற்றுக்கும் போட்டார்கள். எங்களுக்கு மட்டும் தனிக்கணக்கு கேட்கிறோம் என்று வடக்குத் தெருக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

இறுதியில் மைக் சொன்னது: வடக்கு பத்து, தெற்கு ஒன்பது, இன்னும் ஒரு நிமிடம். பந்து என் கையில் இருந்தது. சரி, உங்கள் கணக்கிலேயே சமன் செய்து காட்டுகிறேன் என்று ஓடினேன். இரண்டு பேர் என்னை மறித்தார்கள். நான் குள்ளம், அவர்கள் தலைக்கு மேல் எறிய முடியாது. கூடைக்குக் கீழே நெட்டச்சி, காவல் இல்லாமல். கொடுத்தேன். அந்தக் கேசட் குட்டையன் பார்த்திருந்தால் மெச்சியிருப்பான், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் கொடுத்தேன். அவள் வாங்கினாள். அந்த ஆட்டத்தில் இடைவேளைக்கு அப்புறம் முதல் முறையாக இரண்டு கையையும் முழுதாக உயர்த்தினாள். பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே விழுந்தது. கடைசி விசில்.

"தெற்குத் தெரு தோத்தாச்சு, கைக்கு எட்டுன கோலைக் கோட்ட விட்டாச்சு" என்று கோளாம்பி கடலுக்கும் ஊருக்கும் சொன்னது. வடக்குத் தெருப் பிள்ளைகளுக்குப் பேண்டு மேளத்தோடு ஊர்வலம். நெட்டச்சி கூடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா வந்து அவள் தோளில் துண்டைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மறுநாள் யாராவது சமாதானம் பேசியிருக்கலாம். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். விடுதிக்கு அவள் போகவில்லை. அடுத்த வருடம் பள்ளிக்கும் வரவில்லை. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தாள், உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் உயரம் தெரியாது. அப்புறம் கடியப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள், சிரிப்புப் பொம்மை போட்டவர்களே. நம்ம திடலில் மூன்று புள்ளிக் கோடு கிடையாது. தெற்குத் தெரு ஒன்பது கூடை. வடக்குத் தெரு ஆறு கூடை, நான்கு தனி எறி. உங்கள் பேரப்பிள்ளைகளிடம் கேளுங்கள், அதுகளே சொல்லும். பதினெட்டு, பதினாறு. அவள் அந்தக் கடைசிப் பந்தை எறிவதற்கு முன்னாலேயே நாங்கள் வென்றிருந்தோம். அது விழுந்தாலும் வெற்றி, விழாவிட்டாலும் வெற்றி. அந்த ஒரு பந்துக்காகத்தான் ஒரு பிள்ளையை இத்தனை வருடமாகக் கோட்டை விட்டவள் என்கிறீர்கள்.

அந்தக் கேசட் உப்புக்காற்றில் பூசணம் பிடித்துப்போயிற்று. டெக்கை அம்மா பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டாள். கூடைக் கம்பங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். அதற்கெல்லாம் நான் அழவில்லை. கணக்குத்தான் எனக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு அப்புறம் இரண்டு காரியம் செய்தேன். முதலில் மாமாவிடம் போனேன். மாமாவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது, நாற்காலியில்தான் இருப்பு. திருவிழாக் கமிட்டியில் இன்றைக்கும் மாமா சொல்வதுதான் சட்டம். என் கைபேசியில் ஓர் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். கூடை விழுந்தது, கணக்கில் இரண்டு ஏறியது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இப்பமும் டாலரா மாமா?"

"பின்ன? டாலரு இப்பம் எம்புட்டுக்கு நிக்குதுன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த கூடை விழுந்ததும், அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். கடியப்பட்டணத்தில் என்றேன். கைபேசியைத் திருப்பித் தராமல் அந்த ஆட்டத்தை முடியும்வரை பார்த்தார். ஒவ்வொரு கூடைக்கும் விரலை மடக்கிக்கொண்டிருந்தார், இரண்டு இரண்டாக.

அப்புறம் நெட்டச்சியைக் கூப்பிட்டேன். ஊர்ப் பேச்சு, பிள்ளைகள் பேச்சு, மீன் விலை எல்லாம் பேசி முடித்து, குழுவில் நடந்ததற்கு வந்தேன். சவத்த விடுட்டி என்றாள். விட மாட்டேன் என்றேன். உனக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன்.

"பதினெட்டு, பதினாறு" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"அன்னைக்கே எண்ணிட்டேன் பிள்ளே. வீட்டுக்குப் போற வழியில அப்பாட்டயும் சொன்னேன். கோயில் மைக்குல சொன்னது தப்பா இருக்குமா மக்களேன்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

இத்தனை வருடம் அவள் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வலை பொத்த உட்காரும்போதும், நாம் நெட்டச்சி என்று கூப்பிட்டுச் சிரிக்கும்போதும். நான் கொடுத்த பந்தைப் பற்றிக் கேட்டேன். உனக்குக் கொடுக்காமல் நானே எறிந்திருக்கலாம் என்று என்றைக்காவது நினைத்தாயா என்று.

"போ எட்டி. எனக்குத் தராம வேற யாருக்குத் தருவே? இன்னொருக்கா தந்தாலும் எறிவேன்" என்றாள்.

ஆகையால் கேளுங்கள். வருகிற திருவிழாவின் எட்டாம் நாள், தேர்ப்பவனிக்கு முன்னால், அதே கோபுரத்து மைக்கில் ஓர் அறிவிப்பு வரும். மாமாதான் சொல்வார். சம்மதம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மைக்கில் வாசிக்க என்ன எழுதிக் கொடுப்பாய் என்று கேட்டிருக்கிறார், மாமா அந்த அளவுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. கடைசி நேரத்தில் மாமாவுக்கு டாலர் ஞாபகம் வந்துவிட்டால், மைக்கை நான் வாங்குவேன். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தாலும் வாங்குவேன்.

நெட்டச்சி வருகிறாள். நான் கூப்பிடவில்லை, அவளே கேட்டாள், எத்தனை மணிக்கு என்று. நீங்களும் வாருங்கள். தெற்குத் தெரு பதினெட்டு, வடக்குத் தெரு பதினாறு என்று கோளாம்பி சொல்லும்போது அவள் பக்கத்தில் நில்லுங்கள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கொஞ்சம் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். அவளைக் குனியச் சொல்லாதீர்கள்.